மூன்று தரம் காசு கொடுத்தவர்கள்

மாளிகை போய்விட்டது, பாலம் நிற்கிறது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் பகுதியில் கிளம்பர் பார்க் என்று ஓர் இடம். நியூகாசில் டியூக் பரம்பரையின் எஸ்டேட்டாக இருந்தது. நம்ம வார்த்தையில் சொன்னால் ஜமீன். ஏறக்குறைய 3,800 ஏக்கர். நடுவில் பௌல்டர் என்கிற சின்ன ஆற்றை மறித்து உண்டாக்கிய ஏரி, 87 ஏக்கர் அளவுக்கு. தண்ணீருக்கு மேலே மூன்று வளைவுகளோடு ஒரு கல் பாலம். 1770ஐ ஒட்டிக் கட்டினது. வரைந்து கொடுத்தவர் ஸ்டீபன் ரைட் என்கிற கட்டடக் கலைஞர். அழகான பாலம்தான். அதில் எனக்கு ஒன்றும் சண்டை கிடையாது.

2018 மார்ச்சில் யாரோ ஒரு திருட்டுக் காரைக் கொண்டுவந்து இந்தப் பாலத்தில் மோதினார்கள். கைப்பிடிச் சுவரின் கல்லெல்லாம் தண்ணீரில் விழுந்தது. ஊரே துடித்துப்போனது. இருநூற்றைம்பது வருஷத்துச் சொத்து, பண்பாடு, பாரம்பரியம், காட்டுமிராண்டிகள்! இப்படி. பிறகு கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்து, புதுக்கல்லும் சேர்த்து, பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். நல்லது. கார் ஏற்றினவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் காட்டுமிராண்டி என்கிற அந்த வார்த்தை இருக்கிறதே, அதை எப்போது எடுக்கிறார்கள், எப்போது உள்ளே வைத்துக்கொள்கிறார்கள் என்று கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பாலம் யாருக்குப் போக வர இருந்ததோ அந்த மாளிகையை இடித்தது யார்? குண்டு விழுந்ததா? கலகக்காரர்கள் கொளுத்தினார்களா? இல்லை. 1937இல் உள்ளே இருந்த படம், நாற்காலி, புத்தகம் எல்லாவற்றையும் அந்தக் குடும்பமே ஏலம் போட்டது. 1938இல் சுவரையும் இடித்தது. வீட்டைக் கட்டி மேய்க்கிறது கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். இதே பரம்பரையின் நான்காம் டியூக் 1838இல் பக்கத்திலிருந்த வர்க்சாப் மேனர் என்கிற பெரிய எஸ்டேட்டை விலைக்கு வாங்கி, அதன் மாளிகையை உடைத்துச் சாமானாக்கி விற்றார். இவர்களை யாரும் காட்டுமிராண்டி என்று சொல்லவில்லை. சொந்தக்காரன் இடித்தால் அது நிர்வாகம், வெளியாள் இடித்தால் நாசவேலை. பாலம் தப்பித்ததுகூட யாரும் அதன் அழகுக்கு மனம் இரங்கியதால் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குக் கூரையும் கணப்பும் வேலைக்காரர்களும் வேண்டும். பாலம் பாட்டுக்குக் கிடக்கும்.

இப்போது அந்தப் பாலத்தின் கதையை வழக்கமாக எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். முன்னாலே அங்கே ஒன்றுமில்லையாம். கறுத்த பொட்டல், முயல் ஓடுகிற கரம்பு. டியூக் வந்தார். பொட்டல் பூங்காவாச்சு, ஓடை ஏரியாச்சு. ரசனை உள்ள ஒரு பிரபு உலகத்துக்குத் தந்த பரிசு. இதுதான் கதையாடல். தரிசு என்கிற வார்த்தையை யார் சொல்கிறார், யாரிடமிருந்து எடுக்கும்போது சொல்கிறார் என்று பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பொட்டல் ஷெர்வுட் காட்டின் ஓரம். 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கிலேயே கிளம்பருக்குப் பெயர் இருக்கிறது. 1707இல் நியூகாசில் டியூக் ஒருவருக்கு அந்தக் காட்டின் ஒரு துண்டை வேட்டைக்காக வளைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தில் கரம்பு என்றால் சும்மா கிடக்கிற நிலம் இல்லை. சுற்றுப்பட்டுக் குடியானவனின் ஆடு மாடு மேய்கிற இடம், விறகும் சருகும் பொறுக்குகிற இடம். வேலி விழுந்த பிறகு அதே விறகு திருட்டு விறகு.

பாலத்துக்குக் காசு எங்கேயிருந்து வந்தது? கட்டினவர் இரண்டாம் டியூக். கட்ட ஆரம்பித்தபோது லிங்கன் பிரபு என்று பெயர், 1768இல் டியூக் பட்டம் வந்தது. 1751லிருந்து 1794இல் சாகிற வரைக்கும் இவர் கையில் ஒரு பதவி இருந்தது. அரசாங்கக் கஜானாவின் தணிக்கையாளர். நாற்பத்து மூன்று வருஷம். வேலையைச் செய்ய வேறு ஆட்கள், வருமானம் வாங்க இவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே இப்படி உட்கார்ந்து தின்கிற பதவிகளை வைத்திருந்தார்கள். கஜானாவில் இருந்த பணம் என்ன பணம்? உப்புக்கு வரி, மெழுகுவர்த்திக்கு வரி, பீருக்கு வரி, சோப்புக்கு வரி. கூலிக்காரன் வீட்டு விளக்கில் எரிந்த காசு. அதில் ஒரு பங்கு கிளம்பருக்குப் போனது. இது முதல் தரம்.

அந்த டியூக் வளர்த்த நாய்க்குக்கூட வரலாற்றில் இடம் இருக்கிறது. கிளம்பர் ஸ்பேனியல் என்று இன்றைக்கும் உலகம் பூராவும் அந்த ஜாதி நாயை வளர்க்கிறார்கள். 1788இல் பிரான்சிஸ் வீட்லி என்கிற ஓவியர் டியூக்கோடு சேர்த்து அந்த நாய்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார். பாலத்துக்குக் கல் வெட்டின கை, ஏரிக்கு மண் தூக்கின தோள், இவற்றை அந்தக் கதையாடலில் தேடிப் பாருங்கள். நாய் கிடைக்கும்.

இனி நான்காம் டியூக். கிளம்பரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப்போகிற ஆள் இவர். நாம் நின்று பேசலாம்.

பக்கத்தில் நியூவார்க் என்று ஒரு டவுன். இரண்டு எம்.பி.யை அனுப்புகிற தொகுதி. டவுனின் வீடுகளில் நிறைய டியூக் கையில் இருந்தன. 1829இல் இடைத்தேர்தல் வந்தது. அப்போது ரகசிய ஓட்டு கிடையாது, 1872இல்தான் அது வந்தது. மேடை ஏறி எல்லார் முன்னாலும் வாயால் சொல்ல வேண்டும், நான் இன்னாருக்கு என்று. டியூக்கின் ஆளுக்கு எதிராகச் சிலர் சொன்னார்கள். டியூக்கின் ஆள்தான் ஜெயித்தார். அப்படியும் விடவில்லை. எதிர்த்துச் சொன்ன குடிவாரங்களுக்கு வீட்டைக் காலிபண்ணச் சொல்லி நோட்டீஸ் போனது. ஓட்டுக்காக வீடு போகும், உயிரும் போகும் என்று 1997இல் மேலவளவில் பார்த்த நமக்கு இது புதுசாகத் தோன்றாது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நியூவார்க்கில் ஓட்டு இருந்தவர்கள் அடிமட்டத்து ஆட்கள் இல்லை. கடை வைத்தவர், தொழில் செய்தவர், உள்ளூர் வரி கட்டின குடும்பஸ்தர். அவர்களுக்கே இந்த கதி என்றால், ஓட்டே இல்லாத பண்ணைக் கூலியையும், எந்தக் கணக்கிலும் வராத பெண்ணையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி வந்தபோது டியூக் சொன்ன பதில் இங்கிலாந்து பூராவும் பரவி, கேலிக்கும் கோபத்துக்கும் ஆளானது. என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு உரிமை இல்லையா என்று கேட்டார். சொந்தமாக யோசித்த வசனம் இல்லை. பைபிளில் மத்தேயு எழுதினதிலிருந்து எடுத்தது. திராட்சைத் தோட்டத்துக் கூலிகளின் கதை நம்ம சேரி கோயில்களில் உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே அதைக் கேட்கிறவர் தோட்டத்துக்காரர்தான். ஆனால் எதற்காகக் கேட்கிறார்? பொழுது சாய்கிற நேரத்தில் வந்த கூலிக்கும் முழுநாள் கூலியைக் கொடுத்துவிட்டு, அதற்கு மூக்கைச் சுளித்தவர்களைப் பார்த்துக் கேட்கிறார். கூலிக்காரன் பக்கம் நின்று கேட்ட கேள்வி அது. டியூக் அதைத் திருப்பிப் பிடித்துக் குடியானவன் வீட்டுக் கதவில் ஆணியாக அடித்தார். வேதத்தை மேலே இருக்கிறவன் கையில் எடுத்தால் எப்படி வளைப்பான் என்பதற்கு மனுவையே எப்போதும் மேற்கோள் காட்டவேண்டியதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. என்னுடையது என்றாரே, அந்த நியூவார்க் நிலத்தில் ஒரு பெரும்பகுதி அவருடையதே இல்லை. அரசு நிலம். குத்தகைக்கு எடுத்திருந்தார். நாட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதில் ஊரைக் குடிவைத்து, அந்த ஊரின் ஓட்டைச் சொந்தமாக வைத்திருந்தவர்தான் என்னுடையது என்கிறார். நியூவார்க்காரர்கள் அப்போதே இதைக் கண்டுபிடித்து, குத்தகையைப் புதுப்பிக்காதே என்று 1830இல் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். சும்மா இருந்த ஜனம் இல்லை அது.

இந்த ஓட்டையெல்லாம் சேர்த்து டியூக் யாரை அனுப்பினார்? 1832 டிசம்பரில் நியூவார்க்கில் டியூக்கின் ஆதரவோடு ஜெயித்து நாடாளுமன்றம் போன இளைஞரின் பெயர் வில்லியம் கிளாட்ஸ்டன். பிற்பாடு நான்கு முறை பிரதமர், பெரிய தாராளவாதி என்று நமக்குப் பாடப்புத்தகத்தில் சொன்னார்களே, அவரேதான். அப்பா ஜான் கிளாட்ஸ்டன் டெமராராவில் கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் வைத்திருந்தவர். 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, உள்ளே போன மகன் தோட்ட முதலாளிகளின் நலனுக்காகப் பேசினார். அந்தச் சட்டத்தில் நஷ்டஈடாக ஒதுக்கின தொகை 2 கோடி பவுண்டு. யாருக்கு? அடிமைகளுக்கு இல்லை. அடிமை வைத்திருந்தவர்களுக்கு. 2,500க்கு மேற்பட்ட மனிதர்களுக்காக ஜான் கிளாட்ஸ்டன் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். அந்த நஷ்டஈட்டுக்கு வாங்கின கடனின் கடைசி மிச்சத்தை பிரிட்டிஷ் அரசு கட்டி முடித்தது 2015இல்.

அடிமை போனால் கரும்பு யார் வெட்டுவார்? ஜான் கிளாட்ஸ்டன் கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதினார். 1838இல் விட்பி, ஹெஸ்பெரஸ் என்று இரண்டு கப்பலில் இந்தியக் கூலிகள் பிரிட்டிஷ் கயானாவில் போய் இறங்கினார்கள். அவர்களில் சோட்டா நாக்பூர் மலைப்பக்கத்து ஆதிவாசிகள் உண்டு. கிளாட்ஸ்டன் கூலிகள் என்றே அவர்களுக்குப் பெயர். நாய்க்கு எஸ்டேட்டின் பெயர், மனிதனுக்கு எஜமானின் பெயர். அங்கிருந்து ஆரம்பித்த கப்பல் வரிசையில்தான் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நம்ம ஜனம் ஏறிப்போனது. 2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் வாரிசுகள் சிலர் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். கிளம்பர் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கிறவருக்கு டெமராரா வெகுதூரம். டியூக்குக்கு அவ்வளவு தூரம் இல்லை.

1831 அக்டோபர் 8ஆம் தேதி ஓட்டுரிமையை விரிவாக்குகிற சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. எதிர்த்தவர்களில் நம்ம டியூக் முன்வரிசை. 10ஆம் தேதி நாட்டிங்ஹாம் ஜனம் எழுந்து, மலைமேல் இருந்த நாட்டிங்ஹாம் கோட்டைக்குத் தீ வைத்தது. அதுவும் டியூக்கின் சொத்து, ஆளில்லாமல் கிடந்தது. அடுத்தது கிளம்பர்தான் என்று பேச்சு. டியூக் கிளம்பரில் ஆட்களையும் பீரங்கியையும் நிறுத்திக் காவல் போட்டார். கூட்டம் கிளம்பர் வரை வரவில்லை. பாலம் அன்றைக்கும் தப்பித்தது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பீஸ்டனில் பட்டு ஆலை ஒன்றைக் கொளுத்தின வழக்கில் ஜார்ஜ் பெக், ஜார்ஜ் ஹியர்சன், ஜான் ஆம்ஸ்ட்ராங் என்கிற மூன்று பேரை 1832 பிப்ரவரி 1ஆம் தேதி நாட்டிங்ஹாமில் தூக்கில் போட்டார்கள். விட்டுவிடுங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்ட மனு எடுபடவில்லை. கோட்டை எரிந்ததற்கு டியூக்குக்கு நஷ்டஈடு 21,000 பவுண்டு. அரசர் கொடுத்தாரா? இல்லை. சுற்றுவட்டாரத்து ஜனங்களிடம் தண்ட வரி போட்டு வசூலித்தது. கலவரம் நடந்த வட்டாரமே நஷ்டத்தைக் கட்டவேண்டும் என்பது சட்டம். தண்ட வரி, தண்டப் போலீஸ் என்று நம்ம பக்கத்தில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோமே, அதன் தாய்வீடு அங்கேதான் இருக்கிறது. சரி, வாங்கின பணத்தில் கோட்டையைக் கட்டினாரா? கட்டவில்லை. ஜனங்கள் செய்ததை ஜனங்களே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்கிற மாதிரி, கூரையில்லாத எலும்புக்கூடாகவே ஊருக்கு மேலே விட்டுவைத்தார். இது இரண்டாம் தரம்.

அந்தக் குடும்பத்தில் நம்ம கல் ஒன்றும் வந்து சேர்ந்தது. 1861இல், பிறகு ஆறாம் டியூக் ஆன ஆள், கடனில் முழுகிக் கிடந்தபோது ஹென்ரியெட்டா ஹோப் என்கிற பணக்காரப் பெண்ணைக் கட்டினார். ஹோப் குடும்பம் ஆம்ஸ்டர்டாம் வங்கிக் குடும்பம். அந்த வங்கியின் இன்றைய வாரிசான ஏபிஎன் ஆம்ரோ, பழைய ஹோப் வங்கி அடிமை வியாபாரத்திலும் தோட்டக் கடனிலும் லாபம் பார்த்ததை 2022இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஹோப் வைரம் என்று உலகமே பேசுகிற நீலக் கல் இந்தக் குடும்பத்துடையது. ஹென்ரியெட்டாவின் இளைய மகன் பிரான்சிஸ் கைக்கு அது வந்தது. அவர் திவாலாகி 1901இல் விற்றார். பிற்பாடு எட்டாம் டியூக் ஆனார். மாளிகையை இடித்த காலத்து டியூக் இவர்தான்.

அந்த நீலக் கல் கிருஷ்ணா நதிக்கரையில், குண்டூர்ப் பக்கத்துக் கொல்லூரில் எடுத்தது என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கோல்கொண்டா சுல்தான் காலம். பிரெஞ்சு வியாபாரி தாவர்னியே அதை வாங்கிக்கொண்டு போய் 14ஆம் லூயிக்கு விற்றார். கொல்லூரில் ஆண், பெண், குழந்தை என்று 60,000 பேர் வேலை செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆண்கள் தோண்ட, பெண்களும் குழந்தைகளும் மண் சுமந்தார்கள். ராவல்கொண்டா என்கிற வேறொரு சுரங்கத்தில் கூலி வருஷத்துக்கு மூன்று பகோடாதான் என்றும் எழுதுகிறார். அந்த 60,000 பேரில் ஒரு பெயர் நமக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது ஒரு சாபக் கதை. கோயில் சிலையின் கண்ணிலிருந்து திருடின கல்லாம், வைத்திருந்தவனையெல்லாம் அழித்ததாம். பத்திரிகைகள் கட்டிவிட்ட கதை. விற்கிறதுக்கு நகைக்கடைக்காரர்களும் மெருகு போட்டார்கள். கவனியுங்கள்: கல்லின் கதையில் கஷ்டம்கூடப் பணக்காரனுக்குத்தான். மண் சுமந்த குழந்தைக்குச் சாபம்கூட இல்லை. கல் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது, 45.52 காரட். கொல்லூர் புலிசிந்தலா அணையின் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது.

மாளிகையை இடித்துவிட்டு நிலத்தை விற்றார்களே, யார் வாங்கினது? 1946இல் பொதுமக்களிடம் வசூலித்து, உள்ளாட்சி மன்றங்களும் பணம் போட்டு, நேஷனல் டிரஸ்ட் என்கிற அறக்கட்டளை வாங்கியது. வேலி போட்டு எடுத்ததை விலைபோட்டு வாங்கினார்கள். சுற்றி இருந்ததெல்லாம் நிலக்கரிச் சுரங்கக்காரர்களின் ஊர்கள். அந்தக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வருகிற பூங்காவுக்கு அந்த ஊர்களின் வரிப்பணம் போனது. இது மூன்றாம் தரம். 2018க்கு அப்புறம் பாலத்துக்கு ஆன செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இதையெல்லாம் பேசினால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 2020 செப்டம்பரில் அதே நேஷனல் டிரஸ்ட், தன் கையில் உள்ள இடங்களில் 93க்கு அடிமை முறையோடும் காலனி ஆதிக்கத்தோடும் உள்ள தொடர்பைச் சொல்லி ஓர் அறிக்கை போட்டது. உடனே ஆளும் கட்சி எம்.பி.க்களில் ஒரு கூட்டம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. வரலாற்றைத் திருத்தப் பார்க்கிறார்கள், தேசத்தைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று ஒரே கூச்சல். அறநிலையங்களைக் கண்காணிக்கிற ஆணையம் விசாரித்து, டிரஸ்ட் சட்டத்தை மீறவில்லை என்று 2021 மார்ச்சில் சொன்னது. பேரன் பேத்தியோடு பூங்காவுக்கு வருகிறவனிடம் போய் அடிமை, தூக்கு, வெளியேற்றம் என்று எதற்கு, அழகை அழகாகப் பார்க்கவிடக் கூடாதா என்று மென்மையாகக் கேட்கிறவர்களும் உண்டு. கடிதம் எழுதினவர்களைவிட இவர்களிடம்தான் எனக்குப் பேச்சு.

ஐயா, அந்தப் பேரனின் பாட்டன் நியூவார்க்கில் வீட்டைவிட்டு ஏறக்கட்டப்பட்டவனாக இருக்கலாம். கோட்டைக்கான தண்ட வரியைக் கட்டினவனாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்குப் பாலத்தைக் காட்டி, இது டியூக் கட்டினது என்று சொல்லிக்கொடுப்பது எந்த வகையில் அழகு? உன் ஆட்கள் காசு கொடுத்து வாங்கினது என்று சொன்னால் பாலம் அசிங்கமாகிவிடுமா? வரலாற்றைத் திருத்துகிறோம் என்கிறீர்கள். என்னுடையது என்று குத்தகை நிலத்தைப் பார்த்துச் சொன்னாரே, அதைவிடப் பெரிய திருத்தம் என்ன இருக்கிறது? பாலத்தை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. ஒரு கல்லை நகர்த்தச் சொல்லவில்லை. இடிக்கிற பழக்கம் எந்தக் குடும்பத்துக்கு என்பது மேலேயே இருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான். பாலத்தைப் பற்றி எங்கே எழுதினாலும் ஸ்டீபன் ரைட்டின் பெயர் வருகிற அதே பத்தியில், அதே எழுத்து அளவில், கஜானா வருமானம் வரட்டும். நியூவார்க் நோட்டீஸ் வரட்டும். கொல்லூரின் 60,000 வரட்டும். பெக், ஹியர்சன், ஆம்ஸ்ட்ராங் மூன்று பேரும் வரட்டும். டியூக் கூரை போடாமல் விட்டாரே, அந்தக் கோட்டையை நாற்பத்து நான்கு வருஷம் கழித்து 1875இல் நாட்டிங்ஹாம் நகராட்சி அதே குடும்பத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்து, தன் செலவில் கூரை போட்டு, 1878இல் மியூசியமாகத் திறந்தது. அதையும் எழுதுங்கள். அது நாலாம் தரம்.